பெயர் சொல்லாமல் வரும் கதைகள்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒரு கவிதையைப் பற்றிச் சொல்லும்போது, "இந்த வரிக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அப்படி விட்டுவிட முடியாது என்று கடிதங்கள் வந்திருக்கின்றன. நல்லது. வகுப்பில் நான் மிகவும் விரும்பிப் பேசிய விஷயம் இது. இந்த முறை பக்கம் முழுவதும் இதற்கே.

கே: நான் இலக்கிய மாணவி. 'அல்யூஷன்' என்றால் வேறொரு கதையையோ நூலையோ மறைமுகமாகச் சுட்டுவது என்று குறிப்பெடுத்து வைத்திருக்கிறேன். உவமையும் மேற்கோளும் கிட்டத்தட்ட அதையேதானே செய்கின்றன? தேர்வு விடையாக இல்லாமல், எனக்குப் புரியும்படி சொல்லுங்கள்.

ப: ஒரு குறளை எடுத்துக்கொள்வோம்.

ஐந்தவித்தான் ஆற்றல் அகல்விசும்பு ளார்கோமான்
இந்திரனே சாலுங் கரி.

ஐம்புலன்களை அடக்கியவனுடைய வலிமைக்கு இந்திரன் ஒருவனே போதுமான சாட்சி. குறள் அவ்வளவுதான். இந்திரன் என்ன செய்தான், எப்படிச் சாட்சியானான் என்று ஒரு வார்த்தை கிடையாது. அகலிகை இல்லை, கௌதமர் இல்லை, சாபமும் இல்லை. பரிமேலழகர் வந்துதான் விளக்குகிறார்: தான் புலனை அடக்காமல் சாபம் வாங்கி நின்று, அடக்கியவனின் ஆற்றல் எப்படிப்பட்டது என்பதை இந்திரன் உலகுக்குக் காட்டினான். சாட்சி என்றதும் பக்கத்தில் நின்று பார்த்த ஒருவரைத்தான் நினைப்போம். இங்கே சாட்சிக்கு வந்தவன் தோற்றுப்போனவன். தேவர்களுக்கெல்லாம் தலைவனாக இருந்தும் ஒரு முனிவரின் சொல்லுக்கு முன் அவனால் நிற்க முடியவில்லை. இத்தனையும் குறளுக்கு வெளியே இருக்கிறது, ஆனால் இத்தனையும் சேர்ந்தால்தான் குறள் முழுமையாகிறது. இதைத்தான் நான் சுட்டு என்கிறேன். இந்தப் பக்கம் முழுக்க அந்தச் சொல்லையே வைத்துக்கொள்வோம்.

மேற்கோள் அப்படி இல்லை. மணிமேகலையின் சிறைசெய் காதையில் 'தெய்வந் தொழாஅள்' என்ற குறள் ஏறக்குறைய அப்படியே வருகிறது. கூடவே, பொய்யில்லாத புலவன் சொன்ன பொருளுரை இது என்ற அறிவிப்பும் வருகிறது. இரவல் என்று சொல்லித் தருவது அது. உவமையில் இரண்டு பொருளும் நம் கண்ணெதிரே இருக்கும். சுட்டில் ஒன்றுதான் தெரியும், மற்றதைப் படிப்பவர் கொண்டுவர வேண்டும். உவமைக்குள்ளேயே சுட்டும் ஏறி உட்காரலாம். அடுத்த பதிலில் அப்படி ஒன்று வருகிறது, பாருங்கள்.

கே: நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன், ஓய்வில் கவிதை படிப்பேன். புராணத்தையோ சங்கப் பாட்டையோ பூடகமாக இழுக்கும் கவிதையைப் படித்தால் இது எனக்கு எழுதியதல்ல என்று தோன்றிவிடுகிறது. எல்லாம் படித்து முடித்தவர்களுக்கு மட்டும்தானா இலக்கியம்?

ப: உங்கள் வருத்தம் நியாயமானது. அறிவைக் காட்டுவதற்காகவே வைக்கப்படும் சுட்டுகள் உண்டு, அவற்றை நானும் தள்ளித்தான் வைக்கிறேன். ஆனால் நல்ல சுட்டு யாரையும் ஒதுக்காது. கதை தெரியாதவருக்கும் பாட்டு தன் காலில் நிற்கும்.

புறநானூற்றின் 378ஆம் பாட்டு, ஊன்பொதி பசுங்குடையார் பாடியது. வறுமையில் வாடியவர் சோழன் இளஞ்சேட்சென்னியின் அரண்மனையில் போய்ப் பாடுகிறார். அரசன் தாங்க முடியாத அளவுக்கு அள்ளிக் கொடுக்கிறான். அவை எங்களைப் போன்றவர்களுக்கென்று செய்த அணிகள் அல்ல என்று பாடுகிறவரே சொல்கிறார். அவற்றைப் பார்த்த சுற்றத்தார் என்ன செய்கிறார்கள்? விரலில் போடுவதைக் காதில் மாட்டுகிறார்கள். காதுக்கு உரியதை விரலில் செருகுகிறார்கள். இடுப்பில் கட்டுவது கழுத்துக்குப் போகிறது, கழுத்தில் போடுவது இடுப்புக்கு வருகிறது. ஒரே சிரிப்பு.

இந்த இடத்தில் புலவர் ஒரு கதையை உள்ளே கொண்டுவருகிறார். இராமனுடன் வந்த சீதையை அரக்கன் கவர்ந்து போன நாளில் நிலத்தில் விழுந்த நகைகளைக் கண்டு, சிவந்த முகமுடைய குரங்குக் கூட்டம் அவற்றை அணிந்துகொண்டதைப் போல, என்கிறார்.

சீதையின் கதை தெரியாத ஒருவரும் இதை ரசிக்கலாம். நகை அணியத் தெரியாத குரங்குகள், நகை அணியத் தெரியாத மனிதர்கள். சிரித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகலாம், ஒன்றும் குறையாது. கதை தெரிந்தவருக்கோ ஒரு கேள்வி முளைக்கிறது. அந்த நகைகள் விழுந்த நாள் சிரிப்பதற்கான நாளா? ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். யாராவது பார்க்க மாட்டார்களா என்று அவள் கழற்றிப் போட்டவை அவை. இங்கே விழாக்கோலம், அங்கே பெருந்துயரம். இந்த மகிழ்ச்சிக்கு ஒப்பு தேடிய புலவர், இராமாயணத்தின் மிகக் கொடிய நாளுக்கு ஏன் போனார்?

பாட்டின் கடைசி வரியில் இதற்கு வழி இருக்கிறது. 'அரும்படர் எவ்வம் உழந்ததன் தலையே' என்று முடிக்கிறார். தாங்க முடியாத துன்பத்தில் உழன்ற பிறகு கிடைத்த சிரிப்பு இது. நேற்று வரை இந்தச் சுற்றம் இருந்த நிலை வேறு. சீதையின் துயரம் ஓசையில்லாமல் வந்து அந்தச் சிரிப்புக்கு அடியில் உட்கார்ந்துகொள்கிறது. விரலுக்கும் காதுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு இவர்கள் நகையைப் பார்க்காதவர்கள் என்பது அப்புறம்தான் உறைக்கிறது. முதலில் சிரிக்க வைத்த வரியே இரண்டாவது முறை படிக்கும்போது நெஞ்சை என்னவோ செய்கிறது.

என் மாணவர்களிடம் நான் விடாமல் சொன்னது இதைத்தான்: பழங்கதை எங்கே பொருந்துகிறது என்று கண்டுபிடித்ததும் நின்றுவிடாதீர்கள், எங்கே பொருந்தவில்லை என்று தேடுங்கள். புலவர் தம் சொந்த வேலையை அங்கேதான் செய்திருப்பார்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, முதல் வாசிப்பில் எதையும் தேடாமல் படிப்பது. பாட்டு பிடித்திருந்தால் அப்புறம் தேடலாம். 'ஒருத்தி மகனாய்ப் பிறந்து ஓரிரவில் ஒருத்தி மகனாய் ஒளித்து வளர' என்று ஆண்டாள் பாடுகிறாள். தேவகி, யசோதை என்ற பெயர்களே இல்லை. அந்தப் பெயர்களைக் கேள்விப்படாத ஒருவருக்கும், ஒரே இரவில் ஒரு குழந்தைக்குத் தாய் மாறிப்போனாள் என்பது கேட்டவுடன் புரியும். பெற்றவள் அந்த இரவில் என்ன ஆனாள் என்று அவருக்குக் கேட்கத் தோன்றினால் போதும், மீதிக் கதையை அவரே தேடிப் போவார்.

கே: வழக்குரை காதையில் கண்ணகி பாண்டியன் முன்னால் நிற்கிறாள். கணவன் வெட்டுண்டு கிடக்கிறான். அந்த நேரத்தில் ஒரு பெண் புறாவின் கதையும் பசுவின் கதையும் சொல்லிக்கொண்டு நிற்பாளா? இளங்கோ தம் புலமையைக் காட்டும் இடம் என்றே எனக்குப் படுகிறது.

ப: சிலம்பில் நான் மறுபடியும் மறுபடியும் போய் நிற்கும் இடம் இது. அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

கண்ணகி பேசுவதற்கு முன்பே சுட்டு தொடங்கிவிடுகிறது. வாயில் காவலன் உள்ளே ஓடி அரசனிடம் சொல்வதைக் கேளுங்கள். வந்திருப்பவள் எருமைத் தலைமேல் நிற்கும் கொற்றவை அல்லள். கன்னியர் எழுவரில் இளையவள் அல்லள். இறைவனை ஆடவைத்த அணங்கு அல்லள். காட்டை விரும்பும் காளி அல்லள். தாருகனின் மார்பைக் கிழித்தவளும் அல்லள். அல்லள் அல்லள் என்று அவன் அடுக்குகிற ஒவ்வொரு தெய்வமும் அவள் மேல் ஒரு கணம் படிந்துவிட்டே போகிறது. இல்லை என்று சொல்லிக்கொண்டே அத்தனை பேரையும் அரண்மனை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறான். கடைசியில், கையில் ஒற்றைச் சிலம்போடு கணவனை இழந்தவள் வாசலில் நிற்கிறாள் என்கிறான். கொலைவெறித் தெய்வங்களின் பெரிய பட்டியலுக்குப் பிறகு வெறும் ஒரு மனுஷி. அந்த வேறுபாடுதான் நமக்குப் பயத்தைத் தருகிறது.

சரி, அவள் உள்ளே வருகிறாள். கண்ணீர் வழியும் கண்களோடு வந்திருக்கிறாயே, யார் நீ என்று அரசன் கேட்கிறான். 'தேரா மன்னா' என்று அவள் தொடங்குகிறாள். நீங்கள் குறை சொல்லும் இரண்டு கதைகளும் இந்தக் கேள்விக்கான விடைக்குள்தான் வருகின்றன. தேவர்களும் வியக்கும்படி ஒரு பறவையின் துயரைத் தீர்த்தவன், வாயில் மணியின் நாக்கு நடுங்க, பசுவின் கடைக்கண்ணில் வழிந்த நீர் நெஞ்சைச் சுட, தன் அருமை மகனைத் தானே தேர்ச்சக்கரத்தில் இட்டவன். இவர்கள் இருந்த புகார் என் ஊர் என்கிறாள்.

சிபியின் பெயரைச் சொல்லவில்லை. மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனின் பெயரையும் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவன் ஓர் அரசன், அரசர்களின் கதைகள் அவனுக்குத் தெரியாதவை அல்ல. அந்தப் பெயர்களை அவனே தன் மனத்துக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். பெயர் சொல்லியிருந்தால் அவள் பாடம் நடத்தியவள் ஆகியிருப்பாள். சொல்லாததால், தீர்ப்பின் பாதி வேலையை அவனையே செய்ய வைக்கிறாள். அதுவும் பாண்டியனின் அவையில், சோழ அரசர்களை வைத்து.

ஒரு முறை இந்தப் பகுதியை நடத்திக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "அந்தப் பசுவும் வாசலில்தானே வந்து நிற்கிறது?" என்றாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. ஆமாம். கன்றை இழந்த பசு அரண்மனை வாசலுக்கு வந்தது, கணவனை இழந்த கண்ணகி அரண்மனை வாசலுக்கு வந்தாள். பசுவின் கண்ணில் நீர், கண்ணகியின் கண்ணில் நீர். அங்கே மணியின் நா நடுங்கியது, இங்கே வாயிலோன் நடுங்கிக்கொண்டு ஓடினான். கண்ணகி சொன்னது புகாரின் பெருமையை மட்டுமல்ல. அந்தக் கதையில் தன் இடம் எது என்பதையும் சொல்லிவிட்டாள். அந்த மாணவி கேட்ட பிறகு இந்த வரிகளை நான் வேறு விதமாகப் படித்ததே இல்லை.

இனி பொருந்தாத இடத்துக்கு வாருங்கள். சிபி தன் சதையை அரிந்து கொடுத்தான். அந்தச் சோழன் தன் மகனைக் கொடுத்தான். நீதிக்கான விலையை இருவரும் தங்களிடமிருந்து கொடுத்தார்கள். பாண்டியன் விசாரிக்காமல் இன்னொருத்தியின் கணவனை எடுத்துக்கொண்டான். அவனோ, கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று சட்டம் பேசுகிறான். சிலம்பு உடைகிறது, மாணிக்கப் பரல் அவன் முகத்துக்கு நேரே தெறிக்கிறது. 'யானோ அரசன் யானே கள்வன்' என்கிறான், 'கெடுகஎன் ஆயுள்' என்று விழுந்து உயிரை விடுகிறான். இப்போது அவனும் தன்னிடமிருந்தே விலை கொடுத்துவிட்டான். கண்ணகி சொன்ன இரண்டு அரசர்களுக்கும் அவனுக்கும் நடுவில் இருந்த இடைவெளி அந்தக் கணத்தில் மூடுகிறது. அவர்கள் வரிசையில் அவனும் போய் நிற்கிறான், காலம் கடந்து. அந்தக் கதைகளை எடுத்துவிட்டால், பாண்டியன் இறப்பது வெறும் குற்ற உணர்ச்சியாகச் சுருங்கிவிடும். புலமைக் காட்சி என்று இதை என்னால் ஒருபோதும் சொல்ல முடியாது.

கே: எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு நண்பர் எந்தக் கதையைப் படித்தாலும் அதில் இராமாயணத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார். எழுத்தாளர் நினைக்காததை நாம் ஏற்றிச் சொல்லலாமா?

ப: காட்டுக்குப் போகிறவன் எல்லாம் இராமன் இல்லை என்று நண்பரிடம் அன்போடு சொல்லுங்கள். ஓரிடத்தில் மட்டும் ஒத்துப்போனால் அது தற்செயலாக இருக்கலாம். வாசல், மணி, கண்ணீர் என்று மேலே பார்த்தோமே, அதுபோல இரண்டு மூன்று இடங்களில் தொட வேண்டும். கதைக்குத் தேவையில்லாத ஒரு விவரம் ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கு அந்தப் பழங்கதையால் விடை கிடைக்க வேண்டும். எழுதியவருக்கோ அவர் காலத்து வாசகருக்கோ அது தெரிந்திருக்க வாய்ப்பு இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் விட நான் முக்கியமாகப் பார்ப்பது: பழங்கதையைக் கொண்டுவந்த பிறகு புதுக்கதை பெரிதாகிறதா, அல்லது 'அட, இது அதுதானே' என்று சுருங்கிப்போகிறதா? சுருங்கினால் விட்டுவிடுங்கள், எழுத்தாளர் நினைத்திருந்தாலும் சரி.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு, இருப்பதைக் காணாமல் போவது. அகநானூற்றின் 70ஆம் பாட்டில், திருமணம் கூடியதும் ஊரின் வம்புப் பேச்சு அடங்கிவிட்டது என்று சொல்ல வரும் இடத்தில், கோடி என்னும் கடல்துறையில் இராமன் அருமறைக்காக, அதாவது மறைவான ஆலோசனைக்காக, ஒலி அவித்த, பல விழுதுகள் கொண்ட ஆலமரத்தைப் போல என்று வருகிறது. எதன் ஒலியை அடக்கினான்? அந்த உவமையில் சொல்லவே இல்லை. மரத்திலிருந்த பறவைகளின் ஆரவாரத்தை என்று உரை சொல்கிறது. வான்மீகியில் இல்லாத கதை இது என்று அறிஞர்கள் குறித்திருக்கிறார்கள். பாடியவர் காலத்தில் விளக்கம் தேவைப்படாத அளவுக்கு மக்கள் வாயில் இருந்திருக்கிறது. நமக்கு மிஞ்சியது இந்த ஒரு சுட்டு.

கே: ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' கதையில் நெருப்பே இல்லையே, தலைப்பு ஏன் அப்படி?

ப: நெருப்பு இல்லாததுதான் கதை. தலைப்பைப் படித்ததும் சீதை தீயில் இறங்கியது நினைவுக்கு வருகிறது, அந்த நினைவோடுதான் உள்ளே போகிறோம். மழை நாளில் ஒரு காரில் ஏறிய கல்லூரிப் பெண் கெட்டுப்போய் வீடு திரும்புகிறாள். முதலில் பதறி அடிக்கும் தாய், பிறகு அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள், கொட்டியதை நெருப்பு என்று நினைத்துக்கொள்ளச் சொல்கிறாள். சீதையிடம் ஊரறிய நிரூபிக்கச் சொன்னார்கள். இங்கே ஊருக்கு எதுவும் தெரியாது. தாயும் மகளும் மட்டும், கதவுக்கு உள்ளே. தீர்ப்பு சொல்லும் அதிகாரத்தை ஒரு தாய் தன் கையில் எடுத்துக்கொள்கிறாள். தலைப்பை மாற்றினால் இது இரக்கமுள்ள ஒரு தாயின் கதை. இந்தத் தலைப்போடு, இராமன் கேட்ட கேள்விக்கே பதிலாகிவிடுகிறது.

அதே கேள்வியைப் புதுமைப்பித்தன் 1943இல் 'சாபவிமோசனம்' கதையில் நேராகவே எழுப்பினார். கல்லாயிருந்து மீண்ட அகலிகையிடம், தான் தீயில் இறங்கியதைச் சீதை சொல்கிறாள். 'அவர் கேட்டாரா?' என்கிறாள் அகலிகை. கேட்டார் என்று சீதை சொன்னதும், 'அவன் கேட்டானா?' என்று கத்துகிறாள். தன்னைக் கல்லிலிருந்து மீட்டவனை 'அவன்' என்கிறாள். அப்புறம் மறுபடியும் கல்லாகிறாள். இது சுட்டு அல்ல, கதையையே எடுத்துத் திருப்பி எழுதியது. இரண்டையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள்.

கே: 1997இல் வந்த 'இருவர்' படத்தின் 'நறுமுகையே' பாட்டில் 'அற்றைத் திங்கள்' என்று வருகிறது. புறநானூற்றிலிருந்து எடுத்தது என்கிறார்கள். இது சுட்டா, சுருட்டலா?

ப: சுருட்டல் இல்லை. சுருட்டுகிறவர் நாம் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று நினைப்பார். வைரமுத்து, தெரிந்தவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் வைத்திருக்கிறார். அதே பாட்டில் குறுந்தொகையின் 'யாயும் ஞாயும்' பாட்டையும் தொடுகிறார்.

ஆனால் 112ஆம் புறப்பாட்டை நீங்கள் ஒரு முறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். பாரியின் மகளிர் பாடியது. சென்ற மாதத்து அந்த வெண்ணிலவில் எங்கள் தந்தையும் இருந்தார், எங்கள் குன்றையும் பிறர் கொள்ளவில்லை. இந்த மாதத்து இந்த நிலவில் முரசுடைய வேந்தர்கள் குன்றைக் கொண்டார்கள், எங்களுக்குத் தந்தையும் இல்லை. இரண்டு பெண்கள் ஒரே நிலவை இரண்டு முறை பார்க்கிறார்கள். அவ்வளவுதான் பாட்டு. படத்தில் அது காதல் நிலவாகிவிடுகிறது. அந்த இழப்பையும் சேர்த்து எடுத்திருந்தால் பாட்டின் இனிமைக்குள் ஒரு நடுக்கம் வந்திருக்கும். ஓசை அழகுக்காக எடுத்தது என்றே என் காதுக்குக் கேட்கிறது. படத்தின் பிற்பகுதியில் வரும் பிரிவுகளுக்கு இது முன்குறிப்பு என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அந்தப் பாட்டால் எத்தனையோ பேர் புறநானூற்றைத் திறந்திருப்பார்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

கே: சகுனி, பகீரதப் பிரயத்தனம், திரிசங்கு நிலை என்றெல்லாம் தினமும் பேசுகிறோம். இவையும் சுட்டுதானா?

ப: ஒரு காலத்தில் இருந்தவை, இப்போது தேய்ந்துவிட்டன. கங்கையை நினைத்துக்கொண்டு யாரும் பகீரதப் பிரயத்தனம் என்று சொல்வதில்லை. ஆனால் தேய்ந்ததை உயிர்ப்பிக்க முடியும். கும்பகர்ணன் என்றால் நமக்குத் தூக்கம் மட்டும்தான். கம்பனில் அவன், அண்ணன் செய்தது தவறு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அதே அண்ணனுக்காகப் போர்க்களம் போய் இறந்தவன். தவறென்று தெரிந்தும் குடும்பத்தை விட்டு விலக முடியாத ஒருவனுக்கு ஒரு கதாசிரியர் அந்தப் பெயரைக் கொடுத்துப் பார்க்கட்டும், அந்தப் பெயர் மறுபடி கனக்கும்.

கே: வெளிநாட்டு இலக்கியத்திலிருந்து ஓர் உதாரணம் தர முடியுமா?

ப: நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபே 1958இல் வெளியிட்ட முதல் நாவலின் தலைப்பு, 'எல்லாம் சிதறிப்போகிறது' என்ற பொருள் தருவது. அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸ் முதல் உலகப் போர் முடிந்த பிறகு, 1919இல் எழுதிய ஒரு கவிதையின் சொற்கள் அவை. நாவலின் முகப்பில் அந்த வரிகளையே அச்சிட்டிருக்கிறார். யேட்ஸ் அஞ்சியது ஐரோப்பாவின் உலகம் உடைவதை. அச்சிபே காட்டுவது இக்போ இன மக்களின் ஒரு கிராமத்து உலகம் உடைவதை, அதுவும் ஐரோப்பியர் வந்து சேர்ந்ததால். உடைந்துபோகிறோமே என்று அழுதவர்களின் சொற்களையே எடுத்து, நீங்கள் உடைத்தது இது என்று காட்டுகிறார். எங்கே பொருந்தவில்லை என்று தேடச் சொன்னேனே, இந்த நாவலில் அதைத் தலைப்பிலேயே பார்த்துவிடலாம்.

கே: நான் சிறுகதை எழுதிப் பழகுகிறேன். என் கதையில் அண்ணன் வீட்டை விட்டுப் போகிறான், அவன் செருப்பு வாசலில் கிடக்கிறது. தம்பி அதை எடுத்துத் துடைத்துப் பரணில் வைக்கிறான். பரதனும் பாதுகையும் வாசகருக்குத் தோன்ற வேண்டும் என்பது என் எண்ணம். புரியாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. கடைசியில் 'பரதனைப் போல' என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடட்டுமா?

ப: சேர்க்காதீர்கள். செருப்பு, அண்ணன், தம்பி என்று மூன்றும் இருக்கிறது, நம் வாசகருக்கு அதுவே போதும். 'பரதனைப் போல' என்று எழுதிய உடனே உங்கள் தம்பி பரதனின் நகலாகிவிடுவான், நமக்குச் செய்ய ஒன்றும் மிச்சம் இருக்காது. ஆங்கிலக் கவிஞர் எலியட் 1922இல் 'தி வேஸ்ட் லேண்ட்' என்ற தம் நெடுங்கவிதையைப் புத்தகமாக்கியபோது பின்னால் விளக்கக் குறிப்புகளைச் சேர்த்தார். கவிதையை விட்டுவிட்டுக் குறிப்புகளை ஆராய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

உங்கள் கதையில் எனக்கு இருக்கும் குறை வேறு. இதுவரை எல்லாமே பொருந்துகிறது. பரதன் பாதுகையை அரியணையில் வைத்துவிட்டு, அண்ணன் திரும்பி வரும் வரை நந்திகிராமத்தில் காத்திருந்தான். அவன் கண்ணில் அவை அண்ணனே. உங்கள் தம்பிக்கும் அப்படித்தானா? துடைத்து வைத்தது அன்பினாலா, யாரும் பார்த்துக் கேள்வி கேட்கக் கூடாது என்பதாலா? அண்ணன் திரும்பி வர வேண்டும் என்று அவன் உண்மையாகவே விரும்புகிறானா? பரதன் பாதுகையைக் காலில் போட்டுக்கொள்ளவில்லை. உங்கள் தம்பியின் செருப்பு ஒரு நாள் அறுந்துபோகும், அவசரமாக வெளியே போக வேண்டியிருக்கும், பரண் கையெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அந்தச் செருப்பு அவனுக்கு அளவு சரியாக இருக்குமா, இருக்காதா என்று முதலில் முடிவு செய்யுங்கள். திருத்தி எழுதி அனுப்புங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.